என் தலையைச் சுற்றி ஒரு மாதம்

முதலமடையில் நிலா எப்போது வளர வேண்டும், எப்போது தேய வேண்டும் என்பதை முடிவு செய்துவந்தவர் ஒரு சலூன்காரர். வானத்துக்கு அந்த விஷயத்தில் யோசனை சொல்லும் உரிமை மட்டும்தான் இருந்தது.

அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ரேஷன் கார்டில் ஏதாவது எழுதியிருப்பார்கள். ஊருக்கு அவர் வளர்பிறை. மரியாதை தெரிந்தவர்களுக்கு வளர்பிறை அண்ணன். பக்கவாட்டில் பார்த்தால் நெற்றியும் தாடையும் முன்னால் வந்து, இடையில் இருப்பதெல்லாம் உள்வாங்கி, ஆளே மூன்றாம் பிறை போல இருப்பார். அதனால் வந்த பெயர் என்று சிலர் சொல்வார்கள். அது பிற்பாடு ஒட்டவைத்த காரணம். பெயர் வந்தது தொழிலால்.

முடி செழித்து வளர வேண்டுமானால் வளர்பிறையில் வெட்ட வேண்டும். சீக்கிரம் வளர்ந்து தொந்தரவு செய்யக் கூடாதென்றால் தேய்பிறையில். நம் பக்கத்தில் நிறையப் பேருக்கு உள்ள நம்பிக்கைதான். மற்ற கடைக்காரர்கள் அதை வாடிக்கையாளர் பாடு என்று விட்டுவிடுவார்கள். வளர்பிறை விடமாட்டார். நாற்காலியில் உட்கார்ந்ததும் துண்டைப் போர்த்திவிட்டு முதலில் கேட்பது, "வளரோணுங்களா, நிக்கோணுங்களா?" நம் பதிலும் நிலாவும் ஒத்துப்போகாவிட்டால் துண்டை உருவி, உதறி, "அமாவாசை கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிடுவார். அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட மாப்பிள்ளை ஒருவருக்கு அமாவாசைக்கு முன்பே முகூர்த்தம். அந்தக் கல்யாண ஆல்பத்தில் பெண் பக்கத்தில் ஒரு சாமியார் உட்கார்ந்திருப்பார்.

நிலாவை அவர் நேராகப் பார்ப்பதில்லை. நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்பது பழமொழி. ஊரார் அந்த ஒரு நாள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள். வளர்பிறைக்கு அது போதவில்லை. எது நாலாவது என்று எண்ணுவதில் ஒரு பிசகு வந்துவிட்டால்? ஆகவே எந்தப் பிறையையும் நேருக்கு நேர் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். அவர் கடை வாசல் மேற்குப் பார்த்தது. உள்ளே எதிர்ச் சுவரில், மூடிப்போன ஜவுளிக்கடையொன்றிலிருந்து வாங்கிய ஆளுயரக் கண்ணாடி. வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றால் நெல்லியாம்பதி மலையும் அதற்கு மேல் வானமும் கண்ணாடிக்குள் வந்துவிடும். சாயங்காலம் அதில் தெரியும் பிறையைப் பார்த்துக் கும்பிடுவார். பிறகு சவர சோப்பைத் தொட்டுக் கண்ணாடியிலேயே அதன் உருவத்தை வரைந்துவைப்பார், மறுநாள் ஒப்பிட்டுப் பார்க்க. பௌர்ணமி தாண்டி நிலா மாலையில் வராத நாட்களில், விடிந்தும் விடியாமலும் கடையைத் திறந்து, மலைக்குள் இறங்கப்போகும் நிலாவைக் கண்ணாடியில் பிடிப்பார். மாதத்தின் பாதியில் கண்ணாடி முழுக்க சோப்பு நிலாக்களாக இருக்கும். நம் முகத்தை அவற்றின் இடுக்கில் தேடிக்கொள்ள வேண்டும்.

உரக்கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டர் ஒன்று சுவரில் தொங்கத்தான் செய்தது. வளர்பிறை, தேய்பிறை எல்லாம் அதில் தெளிவாக அச்சாகியிருக்கும். அதைப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். "அது போன வருசமே அச்சடிச்சதுங்க சார்" என்றார். "அது எப்பிடிங்க இன்னிக்கு நெலாவைப் பாத்திருக்கும்?"  

நிலா ஏன் தேய்கிறது என்பதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. மேலே யாரோ சவரம் செய்கிறார்கள். ஒரு பக்கமிருந்து தொடங்கி, அவசரமில்லாமல், நாளுக்குக் கொஞ்சமாக வழித்து அமாவாசையன்று முடிக்கிறார்கள். பிறகு தானாக வளர்கிறது. நிலாவில் தெரியும் கறுப்புத் திட்டுகளைக் காட்டி இது என்ன என்று யாராவது கேட்டால், தொழில் தெரிந்தவரின் வருத்தத்தோடு, "கத்தி பட்டிருக்குதுங்க" என்பார்.

நான் அப்போது அந்த ஊரில் டீச்சரின் வீட்டுக்காரராக உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி கேரள அரசுப் பள்ளியில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துபவர். நான் வாரப் பத்திரிகைகளில் எழுதுபவன். எங்கள் இருவரில் வேலைக்குப் போவது யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இந்த இடத்தில் என் தலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது முதலமடையைப் போலவே மழை மறைவுப் பிரதேசம். முதலமடையில் மாமரமாவது வளர்ந்தது. என்னிடம் காதுக்குக் காது ஒரு வேலி இருக்கும், வேலிக்குள் தரிசு. கோயமுத்தூரில் இருந்த காலத்தில் சலூன்காரர்கள் என்னைப் பார்த்ததும் ஓய்வெடுப்பதுபோல முடித்துவிடுவார்கள். துண்டு போர்த்தும் நேரம்கூட வெட்டுவதற்கு ஆகாது.

வளர்பிறையிடம் முதல்முறை போனபோது துண்டைப் போர்த்திவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "வளரோணுங்களா, நிக்கோணுங்களா?" என்றார். பல வருஷங்களாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. பெண் பார்க்கப் போன இடத்தில் சம்மதம் கேட்டதுபோல் வெட்கமாகிவிட்டது. வளரட்டும் என்றேன். கண்ணாடியை ஒரு பார்வை பார்த்து, நாள் தோதானதுதான் என்று தலையாட்டிவிட்டுத் தொடங்கினார். வேலியை ஒழுங்கு செய்தார். பிறகு உச்சிக்கு வந்தார். அங்கே வெட்ட எதுவும் இல்லை என்பதை அவர் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. சீப்பு மண்டைக்கு மேலே எதையோ தூக்கிக் கொடுத்தது. கத்தரி அதை வெட்டியது. சோப்பு நிலாக்களின் இடுக்கில் அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டலின் சுவடே இல்லை. மற்றவர்களுக்கு ஆகும் நேரம் எனக்கும் ஆனது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

அதற்குப் பிறகு வளர்பிறை தவறாமல் போனேன். நிலா எத்தனையோ முறை வளர்ந்தது. "வேருக்குச் சேதி போயிருக்குதுங்க. மெதுவாத்தான் எறங்கும்" என்பார் அவர். விஷயம் என் மண்டைக்குள் மெதுவாகத்தான் இறங்கும் என்று மனைவியும் அதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எதிர்ச் சாரியில் ஏசி சலூன் ஒன்று வந்தது. கண்ணாடிக் கதவு, சுழல் விளக்கு, சுவரெல்லாம் கால்பந்து வீரர்களின் தலைகள். நடத்தியவன் சின்னப் பையன் இல்லை, ஆனால் சிரிப்பு அப்படித்தான் இருக்கும். வாசலில் ஒரு பலகை வைத்தான்: எந்தப் பிறையிலும் முடி வெட்டப்படும்.

வளர்பிறையின் பெஞ்சு காலியாகத் தொடங்கியது. முதலில் இளைஞர்கள் போனார்கள். பிறகு இளைஞர்களாகத் தெரிய விரும்பியவர்கள். மிச்சமிருந்தது நான், மாங்காய் வியாபாரி மயில்சாமி, இன்னும் சிலர். மயில்சாமிக்கு ஊரிலேயே அடர்த்தியான முடி. அது முழுக்க வளர்பிறையின் கைங்கரியம் என்று நம்புகிறவர். ஒரு நாள் பெஞ்சில் கொஞ்சம் ஆள் இருந்தபோது வளர்பிறை எதிர்க்கடைப் பலகையைக் கண்ணாடி வழியாகவே பார்த்தபடி சொன்னார்: "என்ற பிறைக் கணக்கு தப்புன்னு ஒருத்தர் காட்டட்டுங்க. அன்னிக்கே கத்திரிய வெச்சுப்போட்டு ஷட்டர எறக்கிப்போடறன். அப்பறம் தொறக்க மாட்டன்."

"ஆருங்ணா காட்டறது? நெலா எறங்கி வந்து சாட்சி சொல்லுமா?" என்றார் மயில்சாமி.

நிலா வரவில்லை. அதன் சார்பில் நான் போனேன்.

எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. நேற்று ராத்திரி படித்ததைப் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வந்ததுபோலப் பேசுவது. அந்த வாரம் கட்டுரை ஒன்றுக்காக நிலாவைப் பற்றிய வெளிநாட்டுப் புத்தகமொன்றைப் புரட்டியிருந்தேன். படங்கள் அருமை. முழுக்கப் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். படிக்காத பகுதியை நானே பூர்த்தி செய்துகொண்டேன். ஆங்கில டி எழுத்தைப்போல வலப்பக்கம் புடைத்திருந்தால் வளர்பிறை, சி போல இடப்பக்கம் புடைத்திருந்தால் தேய்பிறை. இது புத்தகத்தில் இருந்தது. பூமியின் நிழல் விழுந்துதான் நிலா தேய்கிறது. இது என் மண்டையில் இருந்தது.

மறுநாள் மாலை பெஞ்சில் என் முறைக்காகக் காத்திருந்தேன். மாங்காய் சீசன். நாற்காலியில் மயில்சாமி, பாதித் தலை வெட்டியாகிவிட்டது, பாதி பாக்கி. வெளியே மாம்பெட்டி ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. கண்ணாடிக்குள் மலை, மலைக்கு மேல் மெல்லிய பிறை. வளர்பிறை அதைக் கும்பிட்டு, "நல்ல வளர்பிறைங்க. இன்னும் கொஞ்சம் தைரியமா வெட்டலாம்" என்றார். அன்றைய பிறை ஒரு பக்கமாகத் துளி சாய்ந்திருந்தது. கண்ணாடியில் எனக்கு அது டி போலத் தோன்றியது; அப்படியென்றால் வெளியே அது சி. எனக்கு அந்தத் துளி போதுமாக இருந்தது.

எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடி சொல்லியிருந்தால் இவ்வளவு சேதம் ஆகியிருக்காது. மயில்சாமியின் கூடையிலிருந்து ஒரு மாங்காயை எடுத்து நிலாவாக்கினேன். சோப்புக் கிண்ணத்தைப் பூமியாக்கினேன். நிழல் எப்படி விழுகிறது என்று விளக்கினேன். பெஞ்சில் இருந்தவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள்; பத்திரிகையில் எழுதுகிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற, எந்த ஆதாரமும் இல்லாத நம்பிக்கை. பிறகு புத்தக விதியைச் சொன்னேன். கடைசியாகக் கண்ணாடியைக் காட்டினேன். லாரியின் முகப்பில் பெரிதாக எழுதியிருந்த சாமி பெயர் கண்ணாடியில் தலைகீழ் வரிசையில், இடம் வலமாகத் தெரிந்தது.

"லாரி எழுத்தே திரும்பித் தெரியுதே அண்ணே, நிலா மட்டும் நேராத் தெரியுமா?" என்றேன். "நீங்க வளர்பிறைன்னு சொன்னதெல்லாம் தேய்பிறை. தேய்பிறைன்னு சொன்னதெல்லாம் வளர்பிறை."

அவர் கண்ணாடியில் லாரியைப் பார்த்தார். திரும்பி லாரியை நேராகப் பார்த்தார். மறுபடி கண்ணாடி. "இத்தன வருசமாப் பாத்தனுங்க. லாரியப் படிக்கோணும்னு தோணலயே" என்றார்.

மயில்சாமி, மிச்சத்தை வெட்டுங்கண்ணா, அப்புறம் பேசிக்கலாம் என்றார். "தேய்பிறைன்னு தெரிஞ்ச பொறகு எப்பிடிங்க உங்க தலைல கத்திரி வெக்கறது?" என்று துண்டை உருவி, உதறி, மடித்துவைத்தார். கத்தரியைத் துடைத்து உறையில் போட்டார். எல்லோரும் வெளியே வந்ததும் ஷட்டரை இறக்கினார். அது ஒரு சாதாரணச் சத்தம்தான். தினமும் கேட்பதுதான்.

பாதித் தலையோடு மயில்சாமி ரோட்டில் நின்றார். இடப்பக்கம் காடு, வலப்பக்கம் வெளி. அஷ்டமி நிலா. "நல்லா இருப்பீங்க சார்" என்றார் என்னைப் பார்த்து. கொங்குத் தமிழில் இந்த வாழ்த்துக்கு நேர் எதிரான பொருளும் உண்டு.

எதிர்க்கடையில் முடித்துக்கொள்ளச் சொன்னதற்கு மயில்சாமி மறுத்துவிட்டார். பாதி ஒரு கையாலும் பாதி ஒரு கையாலும் வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு சாஸ்திரத்தை அங்கேயே உண்டாக்கினார். தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு மண்டிக்குப் போனார். துண்டு எதற்கு என்று கேட்டவர்களிடமெல்லாம் என் பெயரைச் சொன்னார். மறுநாள் நான் பால் வாங்கப் போனபோது ஊரே என்னை நிலா சார் என்றது.

எனக்குத்தான் முதல் நாள் முடி வெட்டவில்லையே. மதியம் ஏசி சலூனுக்குப் போனேன். குளிர்ச்சியாக இருந்தது. அவன் என் தலையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேலியில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடு கேட்டான்: "எதை சார் வெட்டணும்?"

தும்மல் ஒன்று வருகிற நேரத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்தபோது மூடிய ஷட்டருக்கு எதிரே நின்றேன். வளர்பிறைக்கு இந்தக் கடையைத் தவிர வேறெதுவும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கும் என் உச்சந்தலையை ஒரு தலையாக மதிக்கும் இடம் ஊரில் வேறெதுவும் இல்லை. முதலாவது காரணத்துக்காகவே வருந்தினேன் என்று எழுதத்தான் ஆசை.

அன்று மாலை மனைவி பள்ளியிலிருந்து வரும்போதே செய்தியோடு வந்தார். மயில்சாமி தலையில் துண்டு எதற்கு என்று டீச்சர்கள் அறையில் பேச்சு. மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். மாங்காயும் சோப்புக் கிண்ணமும் இல்லாமல் நான் முதல் நாள் சொன்னதையெல்லாம் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பரிட்சைத் தாள் திருத்தும்போது அவர் முகத்தில் வரும் அமைதி வந்தது.

"பகல்ல அரை நிலாவப் பாத்திருக்கீங்களா?" என்றார்.

பார்த்திருக்கிறேன்.

"சூரியன் ஒரு பக்கம், நிலா ஒரு பக்கம், ரெண்டும் மேல நிக்குது. பூமி கால்கீழ கெடக்குது. அப்ப பூமியோட நெழல் எப்பிடிங்க போயி நிலா மேல விழும்?"

நான் கால்கீழே பார்த்தேன். அங்கே பூமி கிடந்தது.

பிறகு மேற்கே கை காட்டினார். மலைக்கு மேல் பிறை, நேற்றைவிடக் கொஞ்சம் தடித்து, கொஞ்சம் உயரத்தில். டியா சியா என்று கேட்டார். நான் தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் சாய்த்தேன். அது டியும் இல்லை சியும் இல்லை. தோணி மாதிரி மல்லாந்து கிடந்தது. மனைவி உள்ளே போய் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து பிடித்தார். அதிலும் தோணி. சாய்வு மட்டும் துளி மாறியிருந்தது.

அந்தப் புத்தகத்தை எழுதியவர்களின் ஊரில் பிறை நிமிர்ந்து நிற்கும், நம் ஊர் பக்கத்தில் படுத்துக்கொள்ளும் என்றார். படுத்திருப்பதற்கு இடதேது வலதேது? பொழுது சாய்ந்ததும் மேற்கே தெரிகிற பிறை வளர்பிறை. அதற்குக் கண்ணாடியும் வேண்டாம், ஏபிசிடியும் வேண்டாம். ஆக, வளர்பிறை சொன்னது சரி. ஒரு மனிதரின் கடையை ஒரு லாரியைச் சாட்சி வைத்து மூடியிருக்கிறேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி எனக்கு டீ கொடுத்த விதத்தில் டம்ளருக்கு வலித்திருக்கும். நான் என் தவறைச் சொன்னேன். நிலா படுத்திருப்பதைச் சொன்னேன். கடையைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். வளர்பிறை பொறுமையாகக் கேட்டார்.

"முந்தாநாள் ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க" என்றார். "நெலா மாறறதுக்கே பதனஞ்சு நாளு எடுத்துக்குதுங்க சார்."

வாக்கு வாக்குதான், அதைச் சொன்னவனே மாற்றிச் சொன்னால் எதை நம்புவது என்று முடித்துவிட்டார்.  மனைவிதான், தொழில் செய்ய வேண்டாம், ஒரே ஒரு தலையை வைத்து ஒரு விஷயம் பார்க்க வேண்டும், ஷட்டரைத் தூக்கினால் போதும் என்றார். டீச்சர் சொல்லைத் தட்ட அவருக்கு மனமில்லை. எந்தத் தலை என்று கேட்டார். மனைவி என்னைப் பார்த்தார்.

வெயில் சாயும் நேரம். ஷட்டர் ஏறிய சத்தம் கேட்டு மயில்சாமி துண்டோடு ஓடிவந்தார். அவர் பின்னால் மண்டியிலிருந்து நாலைந்து பேர். கொஞ்ச நேரத்தில் எதிர்க்கடைக்காரனும் வாசலில் நின்றான். என்னை நாற்காலியில் கண்ணாடியைப் பார்க்க உட்கார்த்தினார்கள். வாசல் வழியாக வந்த மஞ்சள் வெயில் என் பின்மண்டையில் விழுந்தது. ஏசி சலூன்காரன் முந்தின நாள்தான் துடைத்துவிட்டிருந்தான். நன்றாகவே மின்னியிருக்கும்.

"சூரியன் வாசல்ல. நிலா இவரு. நீங்க பூமி" என்றார் மனைவி. "எப்பவும் முடி வெட்டறப்ப நடப்பீங்கள்ல, அப்பிடியே மெதுவா இவரச் சுத்தி நடங்க. என்ன தெரியுதோ சொல்லுங்க."

வளர்பிறை வாசல் பக்கம், என் பின்னால் வந்து நின்றார். அவர் உடம்பு வெயிலை மறைத்து என் தலையில் நிழல் விழுந்தது. மனைவி அவரைச் சற்றுக் குனியச் சொன்னார். "அந்த நெழல் விழுந்தாக் கிரகணம். எங்கூட்டுக்காரர் சொன்னது அதுதான். அது எப்பவோ ஒருநாள் வர்றது." குனிந்து பார்த்தார். முழுத்தலையும் பளபளவென்றது. "பௌர்ணமிங்க" என்றார், தயங்கி.

பக்கவாட்டுக்கு நகர்ந்தார். பின்பக்கம் வெளிச்சம், முன்பக்கம் இருட்டு. "பாதி."

கண்ணாடிப் பக்கமாக இன்னும் நகர்ந்தார். காதோரம் ஒரு கோடு மட்டும் மின்னியது. அவர் அங்கேயே நின்றுவிட்டார். 

"பிறை" என்றார் கடைசியில்.

எனக்கு நேர் எதிரே, கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்றார். வெயில் என் தலைக்குப் பின்னால் இருந்தது. அவருக்குத் தெரிந்தது என் இருண்ட முகம் மட்டும். அமாவாசையை நேருக்கு நேர் பார்த்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். பிறகு மறுபக்கமாக நடக்கத் தொடங்கினார். பிறை, பாதி, முழுசு. மறுபடி ஒரு சுற்று. மறுபடி. வேகம் கூடியது. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று என்னைச் சுற்றிக் காலம் ஓடியது.

"ஆருமே சவரம் பண்ணலீங்களா டீச்சர்?" என்றார், மூச்சு வாங்க.

"யாரும் தொடவேயில்ல. பாதித் தலைல எப்பவும் வெயில் அடிச்சுட்டேதான் இருக்குது. நாம நிக்கற எடம் மாறுது, தெரியறது மாறுது. அங்க நிலா நம்மளச் சுத்துது, இங்க நீங்க சுத்தறீங்க. கணக்கு ஒண்ணுதான்."

மயில்சாமி தானும் ஒரு மாதம் போக வேண்டும் என்றார். போனார். மண்டிக்காரர்கள் போனார்கள். எதிர்க்கடைக்காரன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல் ஒரு சுற்று வந்தான். அசைய வேண்டாம் என்று எல்லோரும் எனக்கு உத்தரவிட்டார்கள். இலக்கியத்தில் எனக்குக் கிடைக்காத கவனமெல்லாம் அந்த ஒரு மாலையில் கிடைத்தது. பிடரிக்குத்தான் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

சுற்று ஓய்ந்ததும் வளர்பிறை ஷட்டர்க் கொக்கியைக் கையில் எடுத்தார். சவரம் என்று தான் சொன்னது பொய்யாகிவிட்டது, ஆகவே வாக்குப்படி மூட வேண்டியதுதான் என்றார்.  மயில்சாமி துண்டை இறுக்கிக்கொண்டார்.

"காரணம் தப்புங்ணா, கணக்கு சரி" என்றார் மனைவி. "நீங்க பந்தயம் கட்டுனது கணக்குக்கு. விடை சரியா இருந்தா எங்க பரிட்சைல பாதி மார்க் உண்டு. பாஸ்."

வளர்பிறை யோசித்தார். "சாருக்கு?"

"அவருக்கு விடையும் தப்பு, காரணமும் தப்பு. கையெழுத்து மட்டும் நல்லா இருக்கும்."

கொக்கியைக் கீழே வைத்தார். கத்தரியை உறையிலிருந்து எடுத்தார். என்னை எழுப்பிவிட்டு மயில்சாமியை உட்காரவைத்து, கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து, மிச்சப் பாதியை வெட்டத் தொடங்கினார்.

அதனால் அவர் மாறிவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வளர்பிறையில் வெட்டினால்தான் முடி வளரும் என்பதில் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. பிறையைக் கண்ணாடியில் மட்டும் பார்ப்பதும் நிற்கவில்லை. காரணம் எதுவானால் என்ன, நாலாம் பிறை நாலாம் பிறைதானே. விளக்கம் மட்டும் மாறியது. புதிதாக வருகிறவர்கள் நிலாவைப் பற்றிக் கேட்டால், "சார் வரட்டுங்க, காட்டறன்" என்று காத்திருக்க வைப்பார். வெயில் சாயும் நேரமாகப் பார்த்து என்னைக் கூப்பிட ஆள் வரும். மனைவியும் வகுப்புக்கு இரண்டு முறை என்னை இரவல் வாங்கிப்போனார். எதிர்க்கடைக்காரன் பலகையை எடுத்துவிட்டான். ஊர்க்காரர்கள் மறுபடி இந்தப் பக்கம் வரத் தொடங்கியதற்கு அறிவியல் காரணமா, என் தலை காரணமா என்று இன்னும் தீர்மானமாகவில்லை.

பிறகு மனைவிக்குக் குமுளிக்குப் பக்கத்து ஆனைக்கரைக்கு மாற்றல் வந்தது. இப்போது ஏலத்தோட்டங்களுக்கு நடுவே குடியிருக்கிறோம். மழைக்காலத்தில் நிலா இருக்கிறதா என்பதே இங்கே மூடுபனிக்குள் ஒரு வதந்தி. நல்ல சலூன்கள் உண்டு, சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள். நான் மட்டும் அவ்வப்போது குமுளி இறங்கி, தேனி, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி என்று ஒரு தமிழ்நாட்டையே சுற்றி, கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வருகிறேன். மாங்காய் வாங்கப் போவதாகச் சொல்வேன். சீசன் இல்லாத மாதங்களிலும் அதையே சொல்கிறேன். மனைவி பையைக் கொடுத்தனுப்புகிறார்.

போன தடவை பஸ் கணக்குப் பிசகி அமாவாசையன்று போய்ச் சேர்ந்தேன். திருப்பி அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். துண்டை எடுத்துப் போர்த்தினார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. வேலியை முடித்துவிட்டு உச்சிக்கு வந்தார். சீப்பு தூக்கிக் கொடுத்தது, கத்தரி சத்தமிட்டது. இத்தனை வருஷம் கேட்காததை அன்று கேட்டுவிட்டேன். அங்கேதான் ஒன்றும் இல்லையே அண்ணே, எதை வெட்டுகிறீர்கள்?

அவர் கத்தரியை நிறுத்தவில்லை.

"அமாவாசைக்கு நெலா இல்லீன்னா சொல்றோம்? நாம நிக்கற எடத்துலருந்து தெரியலீங்க, அவ்வளவுதான்" என்றார். "ஆடாதீங்க சார்."

நான் ஆடாமல் உட்கார்ந்திருந்தேன். ஏறுக்கு மாறாக வெட்டுப்பட்டுவிடக் கூடாதே.